தகரக் கூரையை ஒட்டி நின்ற எலுமிச்சை

என் எழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். சொல்லப்போகும் விஷயத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

வடகரையில் எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக ஓர் எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த மரங்களில் ஒரு வருடம் இலை சிறுத்து வெளுத்தது. நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் மஞ்சள். எங்கள் பக்கம் எந்தப் பயிர் வெளுத்தாலும் ஒரே வைத்தியம்தான்: தென்காசியிலிருந்து மூட்டையில் வரும் உப்பு உரம். நெல்லுக்கு அது கேட்டதால் எலுமிச்சைக்கும் கேட்கும் என்று நம்பினோம். அண்ணன் இரண்டு மடங்காக வைத்தார். கொழுந்து இன்னும் சிறுத்தது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத் தென்னை வைப்பது என்று முடிவு செய்தார்.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். கடையில்கூடக் கையால் காட்டித்தான் சாமான் வாங்குவேன். ஆனால் பம்ப்செட் கொட்டகையை ஒட்டி நின்ற ஒரு மரம் மட்டும் கரும்பச்சையாக இருந்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை. குற்றாலத்துச் சாரல் கொட்டகைத் தகரத்தில் விழுந்து அந்த மரத்தின் தூரில்தான் சொட்டும். தகரத்தில் ஏதோ இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னேன்.

"என்னலே, தகரத்த அவிச்சுக் கஷாயம் ஊத்தப் போறியா?" என்றார்.

வேலையாள் ஒருவர் சேர்ந்துகொண்டார். "அண்ணாச்சி, எங்க வீட்டுல ஓட்ட வாளி ஒண்ணு கெடக்கு. கொண்டாரட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள், பயிருக்கு யோசனை சொல்லும் சர்க்கார் ஆளான கிராம சேவக்கைக் கூட்டிவந்து மரத்தைக் காட்டினேன். அவர் இலையைப் புரட்டிப் பார்த்தார்.

"தகரத்து மேல துத்தநாகம் பூசியிருக்கும். அது கொஞ்சங்கொஞ்சமா கரைஞ்சு எறங்குது. ஒங்க மண்ணுல அதுதான் பத்தல. உப்பு உரத்தக் கூட்டுனா அந்தக் கொறையும் கூடத்தான் செய்யும்."

துத்தநாக உப்பைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கலந்து இலைமேல் தெளிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் அசையவில்லை. "அவன் சம்பளத்துக்குச் சொல்லுதான். நாளைக்கு வெட்ட ஆளு வருது."

"அண்ணே, தோட்டத்தப் பிரிச்சிருங்க," என்றேன். "கொட்டகைக்கு இங்கன உள்ளது எனக்கு. அதுல ஒரு மரத்துலயும் கோடாலி படாது."

"என்கிட்டயாலே பேசுத?"

"ஒங்ககிட்டதான்."

அண்ணன் அப்படியே பிரித்துக்கொண்டார். மறுநாள் அவர் பாதியில் மரங்கள் விழுந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே என் பாதிக்கு மருந்து தெளித்தேன். சாரல் வந்து கழுவிவிட்டது. வெயில் கண்டதும் திரும்பவும் தெளித்தேன். அடுத்த கொழுந்து அகலமாக, பச்சையாக வந்தது.

அது தானாகத் துளிர்த்தது என்றுதான் அண்ணன் இன்றும் சொல்கிறார். சொல்லட்டும். அவருடைய தென்னைகள் நன்றாகத்தான் நிற்கின்றன. ஊறுகாய்க்கு மதினி என் பக்கம்தான் வருகிறார்கள். ஒவ்வொரு தடவை கொழுந்து விடும்போதும் கைப்பம்பை எடுத்துக்கொண்டு போகிறேன். அண்ணன் வரப்பில் நின்று பார்த்தால், அவர் நிலத்தை ஒட்டிய என் வரிசையிலிருந்தே தெளிக்கத் தொடங்குகிறேன்.

கீலக வருடம், ஐப்பசி மாதம் 9-ஆம் தேதி.