மெதுவாகச் சாகும் இளவரசர்

குத்துப்பட்ட பிறகும் தில்லைநாயகம் கால்மணி நேரம் சாகமாட்டார். நெஞ்சைப் பிடித்தபடி மேடையை ஒரு சுற்றுச் சுற்றுவார், விழுவார், சனம் மூச்சு விடும்போது மறுபடி எழுந்து நாலு வசனம் பேசுவார். குத்திய கதாநாயகன் நம்பிராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு, "வேய், சீக்கிரம் சாவும்வே" என்பான்.

பகலில் அவர் குற்றாலம்–வாசுதேவநல்லூர் பஸ்ஸில் கண்டக்டர். முப்பத்திரண்டு வயது, ஒற்றைநாடி உடம்பு. ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சீசனில் குற்றாலத்துக் கொட்டகையில் அந்தச் சாவகத்து நாடகம் நடந்தது. சாவகம் என்கிற ஜாவாவில் துணிக்கடை வைத்திருந்து திரும்பிய கிதிர் முகம்மது, அங்கே பார்த்த பழைய ராஜா கதையைச் சொல்லச் சொல்ல எழுதியது. ஓர் இளவரசி, அவளுக்காக அடித்துக்கொள்ளும் இரண்டு இளவரசர்கள். தோற்றுச் சாகிறவர் நம்மவர்.

மறுநாள் பஸ்ஸில் ஏறும் பெண்கள், "அந்தப் பாவி இவன்தாம்ட்டீ" என்று காட்டுவார்கள். "ராசா, இலஞ்சிக்கு ஒரு டிக்கெட் குடும்" என்பாள் தயிர்க்காரி. அவருக்கு வாயெல்லாம் பல்.

இளவரசியாக நடித்த இராமலட்சுமி வாசுதேவநல்லூர்க்காரி. மேடைக்கு வெளியே அவளிடம் பேச அவருக்கு நாக்கு எழும்பாது. நம்பிராஜன் அப்படியில்லை. ராயகிரியில் கரும்புத் தோட்டம், சொந்தக் கார், தினமும் அவளுக்கு ஒரு முழம் மல்லிகை. பெண் கேட்கப் போவதாக ஊருக்கே சொல்லியிருந்தான்.

சாகும் இளவரசருக்கு இளவரசி தண்ணீர் புகட்டும் கட்டம் ஒன்று உண்டு. அதற்காகத்தான் அவர் சாவை இழுக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஒருநாள் செம்பைச் சாய்த்தபடி மெல்லச் சொன்னாள்: "சீக்கிரம் சாவச் சொல்லுதவரு கெடக்காரு. நீங்க மெதுவாவே சாவுங்க."

அன்று அவர் இருபத்தைந்து நிமிடம் உயிரோடு இருந்தார்.

கடைசி ஆட்டத்துக்கு மறுநாள் காலை, பஸ் நிற்கும் இடத்தில் நம்பிராஜன் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். "ஊர்ல கொண்டு விடுதேன், ஏறு."

இராமலட்சுமி தகரப்பெட்டியோடு காரைத் தாண்டி வந்து, அதைத் தில்லைநாயகத்தின் முன்னால் வைத்தாள்.

"எங்க அய்யா வீட்லதான் இருக்காக. எறங்கி வந்து ஒரு வார்த்தை கேளுங்க. நான் சரின்னு சொல்லிருதேன்."

நம்பிராஜன் கார்க் கதவைச் சாத்தினான். மேடையில் மலை அதிரக் கர்ஜித்த தில்லைநாயகம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏணியில் ஏறி பஸ்ஸின் கூரைக்குப் போய்விட்டார். இராமலட்சுமி உள்ளே ஏறியதும் வண்டி கிளம்பியது.

"ஏலே தில்லை, டிக்கெட்ட யாருலே கிழிப்பா?" என்று டிரைவர் முப்பிடாதி கேட்டது மேலே எட்டவில்லை.

பெட்டியைக் கட்டக் கூரையில் கயிறு கிடந்தது. தில்லைநாயகம் சாரலில் நனைந்தபடி, பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.