அம்மாவின் முழங்காலும் இருபது வருஷத் திட்டமும்

இன்னும் இருபது வருஷத்தில் திருச்சி எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. இதை யாரிடமாவது சொன்னால் போதும், அவர் கேட்கிற முதல் கேள்வி எங்கள் தெருவில் சாக்கடை எப்போது போடுவீர்கள் என்பதுதான். அந்தப் பக்கம் மனை வாங்கலாமா என்பது இரண்டாவது. மூன்றாவதாக ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

தென்னூரில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் சேர்த்து நீண்டகாலத் திட்டம் தயாரிக்கிற தனியார் கம்பெனி. ரிங் ரோடு எப்படி வளைய வேண்டும், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போக வேண்டும், குப்பை எங்கே சேர வேண்டும் என்று எல்லாவற்றையும் கலர் கலராகப் போடுவோம். மஞ்சள் என்றால் வீடுகள், நீலம் என்றால் கடைகள், ஊதா என்றால் தொழிற்சாலைகள். வரைபடத்தில் ஊர் கண்ணுக்கு அவ்வளவு லட்சணமாக இருக்கும். ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால்தான் தொல்லை.

அந்தப் பெரிய திட்டத்தில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு துண்டு இருந்தது. ஸ்ரீரங்கத்தில் காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்திலிருந்து கோயில் ராஜகோபுரம் வரை மரநிழலில் ஒரு நடைபாதை, நடுநடுவே உட்கார பெஞ்சு. அறிக்கையில் அதற்குப் பெரிய பெரிய காரணமெல்லாம் எழுதியிருந்தேன். உண்மையான காரணம் என் அம்மாவின் முழங்கால்.

அம்மா பாதி ஆயுசை அப்பா வேலை பார்த்த ஃபாக்டரியின் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் கழித்தவள். அங்கே சாயந்திரம் நடக்க மரம் இருந்தது, உட்கார சிமென்ட் பெஞ்சு இருந்தது, உட்கார்ந்து ஊர்வம்பு பேச ஆளும் இருந்தது. அப்பா ரிட்டையர் ஆனதும், தினம் நடந்து போய்ப் பெருமாளைச் சேவிக்கலாம் என்ற ஒரே ஆசையில் ஸ்ரீரங்கத்தில் ஃப்ளாட் வாங்க வைத்தவள் அவள்தான். அப்பா போய்விட்டார். நானும் அவளும் மிச்சம். இப்போது முழங்காலும் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. ஆட்டோவில் போ என்றால், ஆட்டோ குதிக்கிற குதியில் இருக்கிற முழங்காலும் கழன்று விழுந்துவிடும் என்பாள். நடந்தால் பாதி வழியில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்தப் பாதி வழியில் இருப்பது ஒரு பாத்திரக்கடை. அதன் படியில் உட்காருவாள்.

கடைக்காரர் மோசமான மனிதர் இல்லை. ஆனால் வியாபார நேரம். கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா, கஸ்டமர் வருவாங்க என்பார். அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ஏதோ வாங்குவதற்கென்றே வந்தவள் மாதிரி எழுந்து உள்ளே போய் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு வருவாள். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர். கரண்டிக்கு மட்டும் தனி அலமாரி. கல்யாண வீட்டுக்காரர் யாராவது பார்த்தால் எங்களைச் சமையல்காரர்கள் என்று நினைத்து அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்.

கரண்டி வருவது நின்றபோதுதான் எனக்குப் பயம் வந்தது. கோயிலுக்குப் போகவில்லையா என்றால் தலைவலி என்றாள். அடுத்த நாள் கூட்டம் அதிகமாம். அதற்கு அடுத்த நாள், பெருமாள் எங்கே போய்விடப் போகிறார் என்றாள். இதற்காகவே இந்த ஊருக்கு வந்தவள் சொல்கிற பேச்சா இது? அன்றைக்கு ஆபீஸில் உட்கார்ந்து வரைந்ததுதான் அந்த நடைபாதை.

திட்டத்தை மேலே அனுப்புவதற்கு முன்னால் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். எங்கள் மேலாளர் தமிழர்தான், ஆனால் வளர்ந்தது படித்தது எல்லாம் டெல்லியில். ரொம்ப நல்ல மனிதர், கோபமே வராது, அது ஒன்றுதான் எனக்கு எரிச்சல். அதற்கு அவர் ஒரு வழிமுறை கொண்டுவந்தார். வரைபடத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்துச் சுவரில் மாட்டுவது. வருகிறவர்கள் கையில் வட்ட வட்டமான ஸ்டிக்கர் கொடுப்பது. பிடித்த இடத்தில் பச்சை, வேண்டாத இடத்தில் சிவப்பு. உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். உலகம் முழுக்க ஸ்ரீரங்கம் இல்லை என்பது எனக்கும் அப்போது தோன்றவில்லை.

ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அடுத்த இருபது ஆண்டுகள் என்று ஆரம்பித்து, பச்சையையும் சிவப்பையும் விளக்குகிற சமயம் பார்த்துக் கேசரி வந்துவிட்டது. நெய் வாசனைக்கு முன்னால் மைக் என்ன செய்யும்? ஜனம் கேசரியை முடித்துவிட்டு வரைபடத்தின் முன்னால் போய் நின்று, உலகத்தில் எல்லாரும் செய்கிற காரியத்தைச் செய்தது. தங்கள் வீட்டைத் தேடியது. ஒருவர் தன் வீட்டைக் காணோம் என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவர் காவிரிக்கு நடுவில் தேடிக்கொண்டிருந்தார். இன்னொருவர் வரைபடத்தைத் திருப்பி மாட்டச் சொன்னார், கோபுரம் தலைகீழாக இருக்கிறதாம்.

பெண்கள் மட்டும் சந்தோஷமாக ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டு போய் ஒட்டினார்கள். எங்கள் பக்கத்து ஃப்ளாட் மாமி பச்சை ஸ்டிக்கர் ஒன்றைப் புடவைக்கு மேட்சாக இருக்கிறதென்று நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டார்.

மறுநாள் ஆபீஸில் எண்ணிப் பார்த்தோம். மேலாளர் முகம் வாடிவிட்டது. ஸ்ரீரங்கம் ஒரே சிவப்பு. ராஜகோபுரம் சிவப்பு, அம்மா மண்டபம் சிவப்பு, உத்திர வீதி நாலும் சிவப்பு. தில்லை நகரில் ஒரு மூட்டு வைத்தியர் கிளினிக் மேல் சிவப்பு அடையாக அப்பியிருந்தது. என் நடைபாதையில் விரல் வைக்க இடம் இல்லை. ஸ்ரீரங்கத்து மக்களுக்குக் கோயிலும் வேண்டாம், காவிரியும் வேண்டாம், சொந்த வீடும் வேண்டாம் என்று கம்ப்யூட்டர் கூசாமல் சொன்னது. மேலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். கோயிலை எடுக்க முடியாது, அதை நாம் போடவில்லை என்றார். நடைபாதையை நாம்தான் போட்டோம், அதை எடுத்துவிடலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, அம்மா சமையலறையிலிருந்தே பெருமையாகச் சொன்னாள்.

"உன் ரோட்டுக்கு நானே ஆறேழு செவப்பு ஒட்டினேன் தெரியுமா? மாமியையும் ஒட்டச் சொன்னேன்."

எனக்கு உச்சி மண்டை சூடாகிவிட்டது. பெற்ற தாயே இப்படிச் செய்தால் நான் யாரிடம் போய் அழுவது என்று கத்தினேன். சிவப்பு என்றால் வேண்டாம் என்று அர்த்தம் என்று சொன்னதும் அம்மா கரண்டியும் கையுமாக வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்டி, மங்களகரமா ஒரு காரியத்தைச் சொல்றீங்க. அதுக்குக் குங்குமக் கலர்ல வைக்காம பச்சையிலயா வைப்பாங்க? எந்த ஊர்ப் படிப்புடி இது?"

கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சளும் குங்குமமும் தடவுகிற ஊரில், வேண்டாததற்குச் சிவப்பு என்று சொன்னது எங்கள் முட்டாள்தனம்தான். பொட்டு மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, இதைப் பிடிக்காத இடத்தில் வை என்றால் எந்தப் பெண்பிள்ளைக்கு மனசு வரும்?

மேலாளரிடம் போய் விளக்கினேன். அவருக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியை வைத்துக்கொண்டு இன்னொரு கூட்டம் போடச் சம்மதித்தார். சிவப்புக்குப் பதில் வேறு கலர் சொல்லுங்கள் என்றார். மஞ்சள் கூடாது, அதுவும் மங்களம். நான் புத்திசாலித்தனமாகக் கறுப்பு என்றேன். நல்ல காரியத்தில் கறுப்பை யார் தொடுவார்கள்?

இரண்டாவது கூட்டத்தில் கேசரியை ஒளித்து வைத்தோம். பச்சை என்றால் வேண்டும், கறுப்பு என்றால் வேண்டாம் என்று மைக்கில் மூச்சு விடாமல் சொன்ன பிறகுதான் அடுப்படிக் கதவைத் திறந்தோம். அம்மா சும்மா இருக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டே வரிசை வரிசையாகப் போய், பச்சைதான் ஒட்டணும், மறந்துடாதீங்க என்று பாடம் எடுத்தாள். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் தோற்றார்கள். என் நடைபாதை கண்ணெதிரே பச்சைப் பசேல் என்று ஆகிக்கொண்டே வந்தது. மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் நிம்மதியாக இரண்டு கிண்ணம் கேசரி சாப்பிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் நடைபாதை ஓரமெல்லாம் கறுப்பு. ஒன்று கூட நடுவில் இல்லை, எல்லாம் ஒரு பக்கமாக, குழந்தை கன்னத்தில் வைக்கிற மாதிரி. ராஜகோபுரத்துக்கு ஓரமாக ஒரு கொத்து. மூட்டு வைத்தியருக்கு மூன்று. கடைசி ஸ்டிக்கரை ஒட்டி, அதை விரலால் அழுத்தித் தடவிக்கொண்டிருந்தது என் அம்மாவேதான்.

நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். கறுப்பு என்றால் என்னவென்று ஊருக்கே பாடம் எடுத்தாயே, உனக்கே மறந்துவிட்டதா என்றேன்.

"மறக்கலையே. இத்தனை பேரு பச்சையை ஒட்டிட்டு வாயைப் பொளந்து பாக்குறாங்க. கண்ணு படாதா? அதான் ஓரமா ஒரு திருஷ்டிப் பொட்டு வெச்சேன். என்னைப் பாத்து மத்தவங்களும் வெச்சாங்க."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது. பச்சைக்குச் சரிசமமாகக் கறுப்பு இருக்கிறது, மக்கள் கடுமையாகப் பிளவுபட்டிருக்கிறார்கள், நடைபாதையைக் கைவிடலாம் என்று மறுநாள் அது சொன்னது. மேலாளர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார்.

நான் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதிரே யாரோ புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சாரத்தின் மேல் நாக்கைத் துருத்திக்கொண்டு, மீசை முறுக்கி, முழிகண் வைத்து ஒரு கோரமான வைக்கோல் பொம்மை தொங்கியது. அந்த வீட்டுக்காரருக்கு அந்த வீடு பிடிக்காமலா அதைத் தொங்கவிட்டிருக்கிறார் என்று கேட்டேன். பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார் சார், அதனால்தான் தொங்குகிறது என்றேன். அந்தப் பொம்மைதான் இந்தக் கறுப்பு. மேலாளர் வெகுநேரம் பொம்மையைப் பார்த்தார். பொம்மையும் அவரைப் பார்த்தது. பிறகு அவருக்கு ஏதோ ஞாபகம் வந்தது. அவர் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மாமியார் அதன் கன்னத்தில் மை வைப்பாராம், இவர் ஒவ்வொரு தடவையும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுவாராம். மாமியார் ஏன் தன்னோடு பேசுவதில்லை என்று இன்றைக்குத்தான் புரிகிறது என்றார்.

அறிக்கையில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது. கறுப்பு ஸ்டிக்கர் என்பது பாதுகாப்புடன் கூடிய பலத்த ஆதரவு என்று அவரே எழுதினார். என் நடைபாதை தப்பித்தது. ஆனால் பணிகளை வரிசைப்படுத்தியபோது அது கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டது. முதலில் தண்ணீர், சாக்கடை, பஸ். அதில் தப்புச் சொல்ல எனக்கு வாய் இல்லை. பெஞ்சு வரும்போது இருபது வருஷமும் முடிகிற நேரமாக இருக்கும்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் மென்று முழுங்கினேன். சனிக்கிழமை சாயந்திரம் அவளை வம்பாக இழுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன். பாதி வழியில் வழக்கம்போலப் பாத்திரக்கடைப் படியில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே போனில் வரைபடத்தைத் திறந்து, இதோ இந்த இடத்தில்தான் பெஞ்சு வரப்போகிறது என்று காட்டினேன். எப்போது என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மா போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள்.

"இங்க வேணாம். மத்தியான வெயில் நேரா அடிக்கும். எதிர்த்தாப்புல அந்த வேப்பமரத்துக்குக் கீழ போடச் சொல்லு. வெயில்ல உக்காந்தா உனக்குத் தலைவலி வந்துரும்."

"எனக்கு எதுக்கும்மா? பெஞ்சு உனக்கு."

"இருபது வருஷம்னு ரெண்டு கூட்டத்துலயும் மைக்குல சொன்னாங்களே. எனக்கு முழங்கால்தான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு நான் எங்க இருக்கப் போறேன்? உனக்குத்தான் ஒட்டினேன். மாடிப்படி ஏறும்போது நீ மூட்டைப் பிடிக்கிறதை நான் பாக்கலையா? உனக்கு வந்திருக்கிறது என் முழங்கால்டி."

உண்மையைச் சொன்னால் ஆபீஸ் மாடி ஏறி ஏறி அன்றைக்கு மூட்டும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. நானும் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வாசலில் அடுக்கியிருந்த எவர்சில்வர் குடங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ஏங்கம்மா, இப்ப ரெண்டு பேரா?" என்றார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. கரண்டியும் கேட்கவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. இன்னும் இருபது வருஷம்தான். அப்புறம் இவ எதிர்த்தாப்புல பெஞ்சுல போயி உக்காந்துக்குவா" என்றாள்.