வெத்தூரியா ஜீப்பை உயர்த்திய ஆறு சென்டிமீட்டர்

எங்கள் பள்ளத்தாக்கில் ஜீப் வைத்திருக்கும் ஆண்கள் பதினோரு பேர். வண்டி மக்கர் செய்தால் அந்தப் பதினோரு பேரும் வந்து நிற்பது என் வீட்டு வாசலில்தான். என்னைப் பார்க்க அல்ல. நான் ரொட்டி சுடுகிறவன், சைக்கிள்கூட எனக்கு நேராக ஓடாது. அவர்கள் தேடி வருவது என் மனைவி வெத்தூரியாவை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைப்பானேன்.

அவள் அப்பா கூட்டுப்பண்ணையில் டிராக்டர் பழுது பார்த்தவர். கல்யாணமான புதிதில் என் ரொட்டி வேனை அவள்தான் ஓட்டினாள். பிறகு வனத்துறை பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது, ஒரு பசு வாங்குகிற காசில் 1984-ஆம் வருஷத்து ஆரோ ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். பச்சை பெயிண்ட் உரிந்து, கதவு கயிற்றால் கட்டியிருந்தது. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பனியில் மாவு லாரி வராமல் போக, அந்த ஜீப் போய்ப் பன்னிரண்டு மூட்டை மாவை இறக்கியது. அன்றிலிருந்து ஜீப்பைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை.

இந்தக் கதை நெக்கிதாவுக்காக ஆரம்பித்தது. எங்கள் தெருக்கோடி வீடு அவருக்கு. மரம் வெட்டும் வேலையில் வெட்டிய மரம் ஒன்று உருண்டு இடது காலைத் தொடையோடு கொண்டுபோய்விட்டது. பதினெட்டுப் பெண் ஆடுகள் வைத்திருக்கிறார். மே மாதம் ஊர் ஆடுகள் எல்லாம் மலைப்பட்டிக்கு ஏறியதும் ஒரு நாள் பால் அளப்பு நடக்கும். அவரவர் ஆட்டை அவரவரே கறந்து வாளியில் ஊற்ற, தலைமை இடையர் வெட்டுக்குறி போட்ட குச்சியை உள்ளே விட்டு அளப்பார். அன்றைக்கு உன் வாளியில் எத்தனை வெட்டோ, கோடை முழுக்க இடையர்கள் மொத்தமாகச் செய்கிற பாலாடைக்கட்டியில் அந்தக் கணக்கில்தான் உனக்குப் பங்கு. நெக்கிதாவால் மேலே ஏற முடியாது. அதனால் நாலு வருஷமாக அவர் ஆடுகளை நான்தான் கறந்தேன். எனக்கும் சில ஆடுகள் உண்டு. முதலில் என்னுடையதைக் கறப்பேன், கை ஓய்ந்த பிறகு அவருடையதை. மனதறிந்து ஏமாற்றவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்து வெத்தூரியா அவரிடம் போய்ச் சொன்னாள்: “நெக்கிதாண்ணே, இந்தத் தடவ உங்க ஆட்ட நீங்களே கறக்குறீங்க. நான் கூட்டிட்டுப் போறேன்.”

“அந்த வழியில குதிரையே முக்குது. உன் ஜீப்பு ஏறுமா தங்கச்சி?”

“இப்ப ஏறாது. ஏற வெக்கிறேன்.”

சேதி பரவியதும் முற்றத்தில் யோசனை சொல்லுகிற கூட்டம் சேர்ந்துவிட்டது. முதல் ஆள் என் தம்பி தனாசே. இத்தாலியில் நாலு வருஷம் கட்டட வேலை பார்த்தவன், அங்கே பார்த்த ஜீப்புகளை வைத்தே இங்கே எல்லாவற்றையும் அளப்பான்.

“அண்ணி, அகலமான டயரு போடுங்க. பளபளன்னு அலுமினிய ரிம்மு. பத்து சென்டிமீட்டர் தூக்கி விட்டீங்கன்னா பாக்குறவன் பயப்படணும்.”

“பாக்குறவன் பயந்து என்ன ஆகப்போவுது? மலை பயப்படுமா?” என்றாள்.

மறுநாள் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு மலைவழியில் நடந்தாள். நானும் கூடப் போனேன், ரொட்டி தூக்க. மரம் இழுக்கும் டிராக்டர்கள் அந்த வழியில் இரண்டு பள்ளம் வெட்டி, நடுவில் மண்மேட்டை விட்டு வைத்திருந்தன. சேற்றின் மேல்மட்டத்திலிருந்து பார்த்தால் மேடு ஒரு சாண்கூட இல்லை. அவள் கம்பைச் சேற்றுக்குள் இறக்கி, அடியில் கல் தட்டுகிறவரை குத்தி, அங்கிருந்து அளந்தாள். ஐம்பது அறுபது இடத்தில் அளந்திருப்பாள். மிக உயரமான இடத்தில் இருபத்துநாலு சென்டிமீட்டர். அவள் ஜீப்பின் பின் அச்சு நடுவில் தொங்குகிற டிஃபரன்ஷியல் உருண்டை தரையிலிருந்து இருபத்திரண்டுதான்.

“அப்ப தூக்கத்தான வேணும்?” என்று திரும்பி வந்ததும் தனாசே கேட்டான்.

“ஸ்பிரிங்குக்கு அடியில கட்டை வெச்சுத் தூக்கினா உன் மண்டை மேல போவும், என் மண்டை மேல போவும். உருண்டை அதே எடத்துலதான் தொங்கும். அதைத் தூக்கணும்னா டயரு ஒசரமா இருக்கணும்.”

“அதான் அகலமா, பெருசா...”

“அகல டயரு சேத்து மேல மெதக்கும். இங்க அடியில கல்லு இருக்குடா. சேத்தைக் கிழிச்சுக்கிட்டு எறங்கிக் கல்லைப் புடிக்கணும். அதுக்கு ஒல்லிதான் வேணும்.”

டவுனில் விவசாயச் சாமான் கடையில், டிரெய்லர் வண்டிக்குப் போடுகிற பழைய கால அளவில், ஒல்லியாக உயரமாக நாலு டயர் வாங்கினாள். அதனால் மட்டும் அச்சு மூன்று சென்டிமீட்டர் உயர்ந்தது. ஒரு சென்டிமீட்டர் மிச்சம், அவளுக்கு அது போதுமாம். ரிம் பழைய இரும்பு ரிம்தான். நசுங்கினால் மலையில் ஒரு கல்லை வைத்தே தட்டி நிமிர்த்திவிடலாம் என்றாள். தெருவில் “சைக்கிள் வருது, வழி விடுங்க” என்று கத்தினார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவள் கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

புது டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க ஸ்பிரிங்கையும் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது. எவ்வளவு என்பதை முடிவு செய்யத்தான் நெக்கிதாவை அழைத்தாள். பழைய டயரைத் திரும்ப மாட்டி, சக்கரத்தின் கீழ் பலகை பலகையாகச் சொருகி, ஒவ்வொரு தடவையும் அவரை ஏறச் சொன்னாள். கைப்பிடியைப் பிடித்து, ஒற்றைக் காலை ஊன்றி, இடுப்பைத் தூக்கி இருக்கையில் போடுவார். ஆறு சென்டிமீட்டர் வரை ஏறினார். ஏழில் வழுக்கிவிட்டது.

தனாசே சொன்னான்: “தூக்கி விட்டாப் போச்சு. நாங்க எதுக்கு இருக்கோம்?”

நெக்கிதா முகம் சிவந்துவிட்டது. “நான் ஒண்ணும் உங்கண்ணன் கடை மாவு மூட்டை இல்ல.”

“ஆறுதான்,” என்றாள் வெத்தூரியா. டயருக்கு மூன்று, ஸ்பிரிங்குக்கு மூன்று.

அளப்பு நாளுக்கு முன் மூன்று நாள் மழை. அன்று காலை பார்த்தால் ஜீப்புக்குள் நெக்கிதா, என்னுடைய நாற்பது ரொட்டி, ஒரு பீப்பாய் பழச்சாராயம், இரண்டு வயலின்காரர்கள், தனாசே, நான். அளப்புக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. முதல் ஏற்றத்திலேயே பின்பக்கம் தணிந்து டயர் மட்கார்டில் உரச, ரப்பர் கருகிய நாற்றம் வந்தது. வண்டி நின்றது.

“ரெண்டு கால் இருக்குறவன்லாம் எறங்கு,” என்றாள்.

“நான் உன் புருஷன்.”

“உனக்கும் ரெண்டுதான் இருக்கு. எறங்கு.”

இறங்கினோம். பீப்பாயும் இறங்கியது, தனாசே அதைத் தோளில் சுமந்தான். முன்னால் ஜீப் சேற்றுக்குள் அமிழ்ந்து, கல்லைப் பிடித்து, எறும்பு மாதிரி நிதானமாக ஏறியது. அந்த உயரமான மேட்டருகே போனதும் நான் குனிந்து அடியில் பார்த்தேன். உருண்டை மண்ணைத் தடவிய சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவும் இல்லை, வேகம் கூட்டவும் இல்லை. தாண்டிப் போனதும் தனாசே பீப்பாயோடு நின்று, “அண்ணி அண்ணிதான்” என்றான். அவன் வாயிலிருந்து அது வருவதற்கு ஒரு மலை வேண்டியிருந்தது.

பட்டியில் நெக்கிதா முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டையும் பெயர் சொல்லி அழைத்தார். நாலு அளப்பு தவறிய பிறகும் ஆடுகள் அந்தக் கையை அடையாளம் கண்டதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றுகூட உதைக்கவில்லை. அவசரப்படாமல், மடியை நீவி நீவி, கடைசிச் சொட்டுவரை கறந்தார். நான் என்னுடையதை முடித்துக் கை கழுவி வந்தபோதும் அவர் பாதியில்தான் இருந்தார்.

தலைமை இடையர் குச்சியை விட்டு எடுத்து உரக்கச் சொன்னார்: “நெக்கிதா, பதினெட்டு ஆடு, ஒம்போது வெட்டு.” பிறகு நினைவு வந்தவராக, “போன வருஷம் அஞ்சு” என்றார்.

வயலின் நின்றுவிட்டது. எல்லோருக்கும் தெரியும், போன வருஷம் கறந்தது யார் என்று. வெத்தூரியா ஜீப்பில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

“போன வருஷம் கறந்தது நான்தாண்ணே,” என்றேன். “நாலு வருஷமும் நான்தான்.”

நெக்கிதா கையைக் கால்சட்டையில் துடைத்தார். “தெரியும் இலாரியே. உன் மேல கோவம் இல்ல. ஏறி வர முடியாதவன் எந்த வாயால கேக்குறது?”

வெட்கத்தில் நான் செத்தேன். ஆனாலும், இதையும் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷத்தில் என் மனைவியை நினைத்துப் பெருமைப்பட்ட அளவுக்கு முப்பது வருஷத்தில் நான் பட்டதில்லை. அந்த மனிதரை அவள் பாலுக்கு மட்டும் மேலே ஏற்றிக் கொண்டுவரவில்லை, கேட்கிற வாயையும் அவருக்குக் கொடுத்திருந்தாள்.