வசந்தன் குடிக்கவில்லை

என் மனைவியின் தம்பி வசந்தன் அன்று ஒரு சொட்டு பீரும் குடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டுமே தெரியும். தெரிந்தும், எல்லோரும் அவனைக் குடிகாரன் என்றபோது நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இதுதான் என் குற்றம். இத்தனை வருடங்களாக யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லத் துணிகிறேன். ஏனென்றால் நீங்கள் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தேன். பாண், ரொட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை. கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் வீடு. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழாது. கோயிலிலோ கலியாண வீட்டிலோ என்னைக் காட்டி, "உவர் ஆர்?" என்று கேட்டால், "புனிதத்தின்ரை மனுசன்" என்பார்கள். புனிதம் என் மனைவி. எனக்கென்று ஒரு பெயர் இருந்ததாகவே யாருக்கும் நினைவில்லை.

பிறகுதான் வீட்டுக்குள்ளேயே பீர் ஊற்றும் அந்தப் பாரைச் செய்தேன்.

வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறிய அறை. அதன் ஒரு மூலையில் பலகை அடித்து, முன்பக்கத்துக்குச் சிவப்பு ரெக்சின் ஒட்டினேன். தெருவில் யாரோ எறிந்த பிரிட்ஜ் ஒன்றைத் தூக்கி வந்து பாருக்குக் கீழே வைத்தேன். தட்டுகளைக் கழற்றினேன், கதவின் உட்புறத்தைச் சீவினேன், ஒரு பீர் பீப்பாய் மட்டாக உள்ளே நின்றது!

பீப்பாயிலிருந்து பீரை மேலே தள்ளச் சோடாவில் அடைக்கும் அதே காஸ் வேண்டும்; அதன் குழாய் நுழைய பிரிட்ஜின் பக்கத்தில் ஓர் ஓட்டை போட வேண்டும். உள்ளே ஓடும் பிரிட்ஜின் குழாயில் துளை விழுந்தால் எல்லாம் போச்சு. என்ன செய்தேன் தெரியுமா? அரிசிமாவைத் தண்ணீராகக் கரைத்துப் பூசிவிட்டு, பிரிட்ஜை ஓடவிட்டேன். உள்ளே சூடான குழாய் போகும் இடமெல்லாம் மா முதலில் காய்ந்து வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ஈரமாக இருந்த இடத்தில் துளைத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. என் சொந்த மூளை... அந்தப் பெருமையை என்னவென்று சொல்வேன்!

பூட்டிப்போன மதுச்சாலை ஒன்றின் முதலாளி பழைய பீர்க்குழாயையும், காஸின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அமுக்கமானியையும் தந்தார். காஸ் சிலிண்டர் பிரிட்ஜுக்குள் அடங்கவில்லை. பாருக்கு அடியிலேயே, பிரிட்ஜுக்கு வெளியே நிறுத்தினேன். சிலிண்டரும் அமுக்கமானியும் சேரும் மூட்டில் ஒரு வாஷர் இருக்க வேண்டும். அது தொலைந்துபோயிருந்தது. பழைய ரப்பர் செருப்பின் அடியில் வட்டமாக வெட்டி ஒன்று போட்டேன்.

சிலிண்டரில் மஞ்சள் தாள் ஒன்றில் இங்கிலிஷில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. புனிதத்திடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிரிட்ஜையே பிரித்துப் பூட்டியவன், ஒரு தாளை வாசித்துக் காட்டச் சொல்லி மனைவியிடம் நிற்பதா?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். என்னோடு வேலை செய்த சோதி அண்ணை முதல் கிளாஸை உயர்த்திப் பிடித்து, "டேய், இவன் வாய் பேசமாட்டான், கை பேசுதடா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் என்னைப் பற்றி ஒருவர் சபையில் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வசந்தன் வந்து சேர்ந்தான். இருபத்தெட்டு வயது. பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். பகலில் அந்தப் பார் அறையில் மெத்தையை நிலத்தில் போட்டுத் தூங்குவான். அவனும் புனிதமும் குடிகாரத் தகப்பனுக்குப் பிறந்தவர்கள். தகப்பன் தாயை அடித்த அடிகளைப் பார்த்து வளர்ந்தவன். பீர் வாசமே அவனுக்கு ஆகாது. "பூனையைப் பாலுக்குக் காவல் வைச்சிருக்கிறாய்" என்று சோதி அண்ணை பகிடி பண்ணுவார். "இந்தப் பூனை பால் குடியாது அண்ணை" என்பான் வசந்தன்.

மாரிக்குளிர். அவனுக்குக் குளிரக்கூடாதென்று ஜன்னல் இடுக்குகளையெல்லாம் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டினேன். கதவின் அடியில் வைக்க ஒரு போர்வையைச் சுருட்டிக் கொடுத்தேன். அன்போடு செய்தேன். நம்புங்கள்... அன்போடுதான் செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை புதுச் சிலிண்டர் பூட்டினேன். மறுநாள் காலை வேலை முடிந்து வந்த வசந்தன் சொன்னான்: "அத்தான், உங்கடை பெட்டி சீறுது."

"அது பிரிட்ஜ் சத்தம்" என்றேன்.

"பிரிட்ஜ் உறுமும் அத்தான். இது பாம்பு மாதிரிச் சீறுது. ஒருக்காப் பாருங்கோ."

"நாளைக்குப் பாக்கிறன். நீ படு. பின்னேரம் ஆக்கள் வருகினம்."

அன்று மூன்று மணிக்குக் குட்மேய்ஸிலிருந்து, அவனுக்குக் கலியாணம் பேசியிருந்த பெண்ணின் தாய் தகப்பன் அவனைப் பார்க்க வருவதாக இருந்தது. பெண்ணை அவன் ஏற்கெனவே கண்டிருந்தான், பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்ததாம். புனிதம் அவன் உடுத்தப் புதுச் சேட் வாங்கி மினுக்கி வைத்திருந்தாள்.

அவர்கள் வந்தபோது வசந்தன் எழும்பியிருக்கவில்லை. புனிதம் தட்டினாள். பதில் இல்லை. கதவைத் தள்ளித் திறந்தாள். பெண்ணின் தகப்பன் அவளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

வசந்தன் பாரின் அடியில் குப்புறக் கிடந்தான். மூச்சு முட்டி எழும்பப் பார்த்திருக்கிறான். பிடிமானத்துக்குப் பீர்க்குழாயைப் பற்றியிருக்கிறான். அது திறந்து, பீர் தலையிலும் முதுகிலும் கொட்டியிருந்தது. வாந்தி எடுத்திருந்தான். முகம் சிவந்து வீங்கியிருந்தது.

நான் ஓடிப்போய் அவனைத் தூக்கக் குனிந்தேன். அப்போது... சோடா குடித்து ஏப்பம் விட்டால் மூக்கில் ஏறுமே ஓர் எரிவு, அந்த எரிவு என் மூக்கில் ஏறியது. பீர் வாசம் இல்லை அது. காஸ்! தலை சுற்றியது. அந்த நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

குசினியின் பின்கதவைத் திறந்து, அவனை அந்த வாசலுக்கு இழுத்துப் போட்டேன். குளிர்காற்றுப் பட்டதும் கண் விழித்தான். நாக்குக் குழறியது. நிற்கக் கால் தடுமாறியது. வேறென்ன சாட்சி வேண்டும்?

"ஒரு பழக்கமும் இல்லாத பெடியன் எண்டு சொன்னனீங்கள்" என்றார் பெண்ணின் தகப்பன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மனைவியைப் பார்த்து, "எழும்பும், போவம்" என்றார். ஊற்றிய தேத்தண்ணி அப்படியே இருந்தது.

புனிதம் வசந்தனின் கன்னத்தில் அறைந்தாள். "அப்பாவைக் கண்டும் உனக்குப் புத்தி வரேல்லையே!"

"அக்கா, நான் குடிக்கேல்லை... சத்தியமாக் குடிக்கேல்லை." அவன் என் பக்கம் திரும்பினான். "அத்தான், நீங்களாவது சொல்லுங்கோ."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

ஏன்? இந்தக் கேள்வியை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! பொலிஸுக்குப் பயந்தேனா? கவுன்சிலுக்கா? அப்படித்தான் எனக்கே சொல்லிவந்தேன். அது பொய். சொன்னால் புனிதம் அந்தப் பாரைக் கோடாலியால் கொத்தியிருப்பாள். சோதி அண்ணை, "செருப்பைப் பூட்டினவன்" என்று சபையில் சிரித்திருப்பார். நான் மறுபடியும் பெயரில்லாதவனாகப் போயிருப்பேன். அந்த நொடியில் என் மனதில் ஓடியது அதுதான். நிலத்தில் கிடந்தவனைப் பற்றி நான் நினைக்கவே இல்லை...

புனிதமும் வசந்தனும் மாடிக்குப் போனபின், அந்த மூட்டில் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். கடைசி மிச்சக் காஸ் குமிழ் குமிழாக வந்தது. செருப்பு வாஷரைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

வெறும் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கடைக்காரரிடம் அந்த மஞ்சள் தாளைக் காட்டி என்னவென்று கேட்டேன். அவர் விரல் வைத்து, எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். இந்தக் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் நிலத்தோடு படுக்கும். மூடிய அறையில் ஆளைக் கொல்லும்.

நல்ல வாஷர் ஒன்று வாங்கி வந்து பூட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள். "பூனை கடைசியிலை பாலைக் குடிச்சிட்டுது!" என்றார் சோதி அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். நான் ஊற்றிக் கொடுத்தேன்.

இரண்டு கிழமையில் வசந்தன் பேர்மிங்காம் பக்கம் போய்விட்டான். அந்தப் பெண்ணை வேறோர் இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். ஆறேழு மாதம் கழித்து அவன் போன் எடுத்தான். புனிதம் வேலைக்குப் போயிருந்தாள்.

"அத்தான், எனக்கு அண்டைக்கு நடந்தது ஒண்டும் நினைவில்லை. யோசிச்சு யோசிச்சுப் பாத்தன். அப்பாவின்ரை ரத்தம்தானே... நித்திரை வெறியிலை எழும்பிக் குடிச்சிருப்பன் போலை. உங்கடை வீட்டுக்கு அவமானம் தேடித் தந்திட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கேட்டீர்களா? அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்!

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் யாரும் இல்லை. ஒரு வசனம் போதும்.

"அதை விடு தம்பி, பரவாயில்லை" என்றேன். நான் அவனை மன்னித்தேன்... நான்!

பத்து வருடமாகிறது. வசந்தன் இன்னும் கலியாணம் கட்டவில்லை. போன மாதம் எங்கள் மகளின் பிறந்தநாளுக்கு வந்திருந்தான். நாற்பதுக்குக் கிட்டவாகத் தெரிகிறான். சோதி அண்ணையின் மருமகன், ஊரிலிருந்து புதிதாக வந்தவன், விளங்காமல் அவனிடம் ஒரு கிளாஸை நீட்டினான். வசந்தன் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்:

"எனக்கு வேண்டாம் தம்பி. ஒருநாள் குடிச்சன். இதே வீட்டிலைதான். அந்த ஒருநாளிலை எனக்கு வரவிருந்த எல்லாம் போச்சு. அக்கா கேட்டவ, நான் இல்லையெண்டு சத்தியம் பண்ணினன். அந்தப் பொய்யைத்தான் இப்பவும் தாங்க ஏலாமல் கிடக்கு."

பகிடிக்குப் பேர்போன சோதி அண்ணை கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். புனிதம் அழுதுகொண்டு போய்த் தம்பியின் தலையைத் தடவினாள். பிறகு கண்ணைத் துடைத்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, பாத்தீங்களே? செய்த பிழையைச் சபையிலை ஒத்துக்கொள்ளுறதுக்கு எவ்வளவு மனத்துணிவு வேணும்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வசந்தனும் பார்த்தான்.

"ஓம்" என்றேன்.