நீல சிலிண்டரும் நொச்சி ஒத்தடமும்

நீல சிலிண்டரை உருட்டுவதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும். கழுத்தை ஒரு கையால் பிடித்து நம் பக்கம் கொஞ்சம் சாய்த்து, அடி விளிம்பில் நிற்கவைத்து, மறு கையால் சுழற்றிக்கொண்டே நடக்க வேண்டும். அவசரப்பட்டால் கால்விரல் போய்விடும். என் இடது கால் சுண்டுவிரல் நகம் அப்படிப் போனதுதான். இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை.

ரேணிகுண்டா பக்கத்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் காற்று நிரப்பி அனுப்புகிற கம்பெனி ஒன்றில் ஏற்றி இறக்குகிற ஆளாக இருந்தேன். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தலை என்றால் மூச்சுக் காற்று. முழுக்க நீலம் என்றால் மயக்கம். அப்போது எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. நிறம் தெரியும், அதை வைத்தே காலம் ஓடியது. திருப்பதி, புத்தூர், சித்தூர் என்று எங்கே எந்த ஆஸ்பத்திரியில் கத்தி வைத்தாலும் அதற்கு முன்னால் எங்கள் லாரி அங்கே போய் நின்றிருக்கும். என் வீட்டுக்காரி ஊரில் என்னைப் பற்றிச் சொல்வது வேறு மாதிரி இருக்கும். "எங்க வூட்டுக்காரரு தூக்கம் விக்கிறவரு" என்பாள். கேட்கிறவர்கள் பாய், தலையணை விற்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவள்தான் இப்போது வடமாலபேட்டைக்கு உள்ளே இருக்கிற எங்கள் வீட்டில் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறாள். மார்பில் வந்த கட்டி இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டது. பிழைக்க மாட்டாள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேச எங்களுக்கு ஒன்றுமில்லை. வலியில்லாமல் ஒரு பொழுது போக வேண்டும். வேறெதையும் நாங்கள் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன், சிலிண்டரில் போய் நின்றுவிட்டேன். ஆனால் சிலிண்டர் இல்லாமல் இதைச் சொல்லவும் முடியாது.

என்னைப் பெற்ற நைனாவின் கை கரும்பு ஆலையில் மாட்டி நசுங்கியபோது சித்தூருக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனோம். அப்போது இந்த நீல சிலிண்டர் எல்லாம் அங்கே நான் பார்க்கவில்லை. கம்பியில் பின்னிய கிண்ணம் ஒன்றை மூக்கின் மேல் கவிழ்த்து, அதன் மேல் துணி போட்டு, சீசாவிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டார்களாம். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்ன நர்சம்மா தெலுங்குக்காரி. நைனாவுக்குத் தெலுங்கில் சந்தைக் கணக்கு நன்றாக வரும். வெல்லம் எடைபோடுவது போலவே எண்ணிக்கொண்டு போய் நடுவில் நின்றுவிட்டாராம். எழுந்தபோது கை மணிக்கட்டோடு இல்லை. அவர் சட்டையில் அந்த மருந்து வாசனை பல நாள் போகவில்லை. இனிப்பான, குமட்டுகிற வாசனை. அதற்கும் முந்தின காலத்தில் சாராயத்தை ஊற்றி, நாலு பேர் பிடித்துக்கொள்ள, அறுப்பார்கள் என்று நைனா சொல்லுவார். தான் நல்ல காலத்தில் கையை இழந்ததாக அவருக்கு ஒரு திருப்தி.

நான் வேலைக்குப் போன பிறகு மிஷினைப் பார்த்தேன். நாலு சக்கரம் வைத்த வண்டி. கண்ணாடிக் குழாய்க்குள் சின்னக் குண்டு ஒன்று சுழன்றுகொண்டே மேலே ஏறும். பக்கத்தில் கறுப்பு ரப்பர் பை ஒன்று தொங்கும். படுத்திருப்பவர் மூச்சு விட்டால் பை உப்பும், இழுத்தால் சுருங்கும். காலி சிலிண்டரைக் கழற்ற உள்ளே விடும்போதெல்லாம் நான் ஆளைப் பார்க்க மாட்டேன், பையைத்தான் பார்ப்பேன். உப்பிச் சுருங்கி உப்பினால் சரி, ஆள் இருக்கிறார். மயக்க டாக்டர் ஒருவர் அந்தப் பையில் கையை வைத்தபடியே கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருப்பார். காது ரேடியோவில் இருக்கும், கை பையில்.

பிறகு சுவருக்குள் செம்புக் குழாய் போட்டார்கள். சிலிண்டரை வெளிக்கொட்டகையில் நிறுத்திவிட்டு வந்துவிடலாம். உள்ளே எனக்கு வேலை போய்விட்டது. அப்புறம் கொட்டகையும் போய், காற்றை மொத்தமாக அடைத்துவைக்கிற பெரிய வெள்ளைத் தொட்டி வந்தது. என் வேலையே போய்விட்டது. அதற்கு நான் வருத்தப்பட்டதில்லை. முதுகு அதற்குள் தேய்ந்துவிட்டிருந்தது.

என் வீட்டுக்காரிக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது நீல சிலிண்டர் தேவைப்படவில்லை. முதுகில் ஒரு ஊசி, அவ்வளவுதான். இடுப்புக்குக் கீழே கல். அவள் முழித்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும் முதலில் சொன்னது இதுதான்:

"வவுத்தத் தொறந்து வெச்சிக்கினு மாங்கா வெல பேசிக்கினு கீறாருய்யா அந்த டாக்டரு. தோத்தாபுரிக்கு அவரு சொன்ன வெல தப்பு. நான் படுத்துக்கினே திருத்திச் சொன்னேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"பயந்துட்டாரு."

அந்த ஊசியைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம் என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த நம்பிக்கையில்தான், இந்த நோய் இடுப்புக்கு வந்தபோது, எலும்புக்குக் கம்பி வைத்தால் வலி குறையும் என்று டாக்டர் சொன்னவுடன் ஒத்துக்கொண்டாள். ஆனால் மயக்க டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இருதயமும் சரியில்லை, தூங்கவைக்கலாம், எழுப்ப முடியாமல் போகலாம் என்றார். முதுகு ஊசியாவது போடுங்கள் என்று கேட்டேன். முதுகெலும்பிலேயே நோய் இருக்கிறதே தாத்தா, ஊசி அங்கே எப்படிப் போடுவது என்றார். நல்ல மனுஷன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கெல்லாம் நான் உருட்டிக்கொண்டு போய்க் கொடுத்ததில் என் வீட்டுக்காரிக்கென்று ஒரு மூச்சு இல்லை.

மாத்திரை கொடுத்தார்கள். அவளால் உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை, எல்லாம் வாந்தி. கடைசியில் ஒட்டுகிற மருந்து கொடுத்தார்கள். ஸ்டிக்கர் பொட்டு அட்டையைப் போலக் கண்ணாடியாட்டம் ஒரு சதுரம். மார்பிலோ தோள்பக்கமோ ஒட்டினால் தோல் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும், மூன்று நாளைக்கு வரும் என்றார்கள். இப்படி ஒன்றை மனிதன் செய்திருக்கிறானே என்று நான் அதை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அதைக் கொடுத்த டாக்டரம்மா தெலுங்கில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெட்டக் கூடாது, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டக் கூடாது, சூடு படக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தோம். டாக்டரம்மா சொன்னபடி என் வீட்டுக்காரியை வெயிலில் உட்காரவைக்கவில்லை. அடுப்புப் பக்கம் விடவில்லை. குளிக்கிற தண்ணீரைக்கூட ஆறவைத்துத்தான் ஊற்றினேன்.

ஒத்தடம் எங்களுக்குச் சூட்டுக் கணக்கில் வருவதில்லை. அது மருந்துக் கணக்கு.

அவள் தங்கை, என் கொழுந்தியாள், நகரி பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கினாள். பூவும் பொட்டும் போய்த் தனியாக இருப்பவள். வாய்க்காரி. வந்தவுடனேயே அக்கா தோளில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"வலி இடுப்புல, மருந்து தோள்ல. இன்னா மாமா கணக்கு இது?"

டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாள் என்றேன்.

"டாக்டரம்மாவுக்கா நோவுது?"

என் வீட்டுக்காரிக்கும் அது சரியாகப் பட்டது. மருந்து அவ்வளவு தூரம் நடந்து போய் இடுப்புக்குச் சேர்வதற்குள் தீர்ந்துபோகிறது, அதனால்தான் கேட்கவில்லை என்று அவள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தாள். மாற்றுகிற நாள் வந்தபோது தங்கைக்காரி புதிதை எடுத்து நேராக இடுப்பில், எலும்பு புடைத்து நிற்கிற இடத்திலேயே ஒட்டினாள். எங்கள் பக்கம் சுளுக்கானாலும் வீக்கமானாலும் பற்று போட்ட பிறகு சும்மா விடமாட்டார்கள். ஒத்தடம் கொடுத்தால்தான் மருந்து உள்ளே இறங்கும். அவள் வேலியிலிருந்து நொச்சித் தழை ஒடித்துவந்தாள். செங்கல்லை அடுப்பில் காயவைத்தாள். தழையைப் பரப்பி, கல்லைத் துணியில் சுற்றி, அக்கா இடுப்பில் பொறுக்கிற சூட்டில் வைத்து வைத்து எடுத்தாள். காலையில் ஆரம்பித்தது. நொச்சி வாசனை வீடெல்லாம் நிறைந்துவிட்டது.

உச்சிப் பொழுதுக்குள் என் வீட்டுக்காரியின் முகம் மாறியது. புருவத்துக்கு நடுவில் எப்போதும் நிற்கிற அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கட்டிலின் கயிற்றைப் பிடித்தே காய்ப்பேறிய கை தானாகத் திறந்துகொண்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பசிக்குதுடீ" என்றாள்.

தங்கைக்காரி களி கிண்டி, கீரை கடைந்து கொண்டுவந்தாள். மூன்று வாய் தின்றாள். பல மாதமாகக் கஞ்சித் தண்ணிதான் இறங்கியிருந்தது.

"உப்பே இல்ல. உன் புருஷன் எப்டிடீ துன்னான் இத்தினி வருசம்?"

"அதான் சீக்கிரமே போய்ச் சேந்துட்டாரு" என்றாள் தங்கை.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரி சிரிப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தங்கைக்காரி என்னைப் பார்த்து, இத்தனை நாளாகப் பெரிய பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் காற்று ஏற்றியும் உனக்கு ஒரு செங்கல் தோன்றவில்லையே மாமா என்றாள். எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது.

அப்புறம் என் வீட்டுக்காரி தூங்கினாள். குறட்டை விட்டுத் தூங்கினாள். தங்கைக்காரி நல்லதைப் பாதியில் விடுவானேன் என்று கல்லை மறுபடியும் காயவைத்து இடுப்போரமாக அண்டக்கொடுத்தாள். நான் கட்டில் காலில் சாய்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். அந்தப் பொழுதைப் போல ஒரு பொழுது எனக்கு இனி வராது.

மாடுகள் திரும்புகிற நேரத்தில் குறட்டை நடுவில் நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. நிற்கிற நேரம் நீண்டுகொண்டே போனது. அவள் மார்பைப் பார்த்தபடி, அடுத்தது வரட்டும், வரட்டும் என்று இருந்தேன். அப்போது அந்தக் கறுப்புப் பை கண்முன்னால் வந்தது. உப்பிச் சுருங்கிய பை உப்பவில்லை. உதட்டைப் பார்த்தேன், நாவல் பழம் தின்ற உதடாட்டம் இருந்தது. கல்லைத் தள்ளிவிட்டு அவளை உலுக்கினேன். எழவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த ஆள் ஒரு பையை அவள் முகத்தில் வைத்து வழி முழுக்க அமுக்கிக்கொண்டே வந்தார். திருப்பதியில் அதே டாக்டரம்மா இருந்தாள். இடுப்புத் துணியை விலக்கினாள். சிவந்து கன்றிப்போயிருந்த தோலில் அந்தச் சதுரம் ஒட்டியிருந்தது. அதை உரித்தெடுத்தாள்.

"எவரு வேடி பெட்டிந்தி, தாத்தா?"

சூடு வைத்தது யார் என்று கேட்கிறாள். சூடு வைக்கவில்லை, ஒத்தடம்தான் கொடுத்தோம் என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. மூன்று நாள் மருந்து சூட்டில் ஒரே நாளில் உள்ளே போய்விட்டது, மூச்சு விட வேண்டும் என்பதையே உடம்பு மறந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஊசி போட்டாள். அந்த மருந்தை உடம்பிலிருந்து விரட்டுகிற ஊசியாம். அப்படியும் ஒன்றைக் கண்டுபிடித்துவைத்திருக்கிறார்கள்.

விரட்டிவிட்டது. நான் வாயைத் திறந்து சாமியைக் கூப்பிடுவதற்குள் அவள் கண்ணைத் திறந்தாள். மூச்சு வந்தது, நிறம் வந்தது. கூடவே வலி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, மொத்தமாக. இத்தனை நாளாக அந்த மருந்து கொஞ்சமாவது மூடிவைத்திருந்தது எல்லாம் ஒரே இழுப்பில் திறந்துகொண்டது. அவள் கத்திய கத்தலை நான் சொல்ல மாட்டேன். வார்டில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். உடனே வலிக்கு வேறொன்று கொடுக்க முடியாது, கொடுத்தால் மறுபடி மூச்சு நிற்கும் என்றாள் டாக்டரம்மா. அவளும் அழுகிற முகமாகத்தான் இருந்தாள். ஊசியை மறுபடி மறுபடி போட வேண்டியிருந்தது. தோலுக்கு அடியில் இருக்கிற மிச்சம் இறங்கிக்கொண்டே இருக்குமாம். என் வீட்டுக்காரி கண் சொருகும்போதெல்லாம் எழுப்பினார்கள்.

கத்திக் கத்தி ஓய்ந்த பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"ஊருக்கெல்லாம் தூக்கத்த ஒருட்டிக்கினு போய்க் குட்த்தியே. நான் தூங்குனா மட்டும் எதுக்குய்யா எழுப்புன?"

நான் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். மருந்தை முன்னைவிடக் குறைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள், மெல்ல மெல்லக் கூட்டுவார்களாம். இப்போது தோளில்தான் ஒட்டுகிறோம். தங்கைக்காரி வாயே திறப்பதில்லை. அக்கா அவளைக் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அக்கா கேட்டது வேறு. "கல்லு காயுதாடீ?" என்று ஒருநாள் கேட்டாள். தங்கைக்காரி கொல்லைப்பக்கம் போனவள் வெகுநேரம் உள்ளே வரவில்லை. மறுநாள் நான் வேலி நொச்சியை அடியோடு வெட்டி ஏரிக்கரையில் போட்டுவிட்டு வந்தேன். செங்கல்லையும் போட்டேன். அதனால் யாருக்கும் எந்த நோவும் குறையவில்லை.

மத்தியானத்தில் அந்தச் சதுரம் கொஞ்சம் இரக்கப்பட்டு அவளைக் கண்ணயர விடுகிறது. நான் கட்டில் காலில் உட்கார்ந்து மார்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏறுகிறது, இறங்குகிறது. கொஞ்சம் தாமதமானாலும் எனக்கு மனசு நிற்பதில்லை. தொடக் கூடாது, தூங்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். கை போய்விடுகிறது. மூக்கடியில் விரலை வைக்கிறேன். தோளைத் தொடுகிறேன். அவள் விழித்துக்கொள்கிறாள். புருவ நடுவில் அந்த முடிச்சு விழுவதைப் பார்க்கிறேன். நேற்றும் அப்படித்தான் ஆனது.

"இன்னும் கீறேன்" என்றாள் சுவரைப் பார்த்தபடி. "கைய எடு."