சொல்கிறவர் கையெழுத்துப் போடவும்

கரும்பலகையை ஈரத் துணியால் துடைத்தால் முந்தின நாள் செய்தி உடனே போய்விடாது. வெள்ளையாகக் கலங்கி, கொஞ்ச நேரம் நின்று, காயும்போதுதான் மறையும். அது மறைவதை நான் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியது ஈராக் குவைத்துக்குள் நுழைந்த வருடத்தில்.

நான் பி.ஏ. வரலாறு முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தேர்வாணையப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம். நாகப்பட்டினம் போகிற சாலையில் எங்கள் ஊர் முக்கூட்டில் ஆளுங்கட்சிப் படிப்பகம் ஒன்று உண்டு. எதிர்ப்பக்கம் செங்கொடி கட்டிய விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கீற்றுக் கொட்டகை. இரண்டுக்கும் நடுவே டீக்கடை. காலை ஆறரைக்குப் பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்திகளைப் படிப்பகத்துப் பலகையில் சாக்பீஸால் எழுதுவது என் வேலை. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் கொடுத்தார்கள். எனக்கும் ஊர் முழுக்க என் எழுத்தைப் படிக்கிறது என்று ஒரு தெனாவெட்டு.

எழுதி முடித்ததும் டீக்கடை பெஞ்சில் விவாதம் ஆரம்பிக்கும். உலகத்தில் எங்கே பீரங்கி வெடித்தாலும் எங்கள் முக்கூட்டில் இரண்டு பேருக்குக் காரணம் தெரியும். ஒருவர் படிப்பகச் செயலாளர், மேடைப் பேச்சாளர், ஒரு டீ சொல்வதைக்கூட மூன்று அடுக்காகச் சொல்வார். இன்னொருவர் சங்கத்துச் செயலாளர். எல்லாரும் அவரைத் தோழர் என்றுதான் கூப்பிடுவோம், அவரும் எங்களை அப்படித்தான். பினாமி நிலத்தில் கொடி நட்டு இரண்டு தடவை சிறைக்குப் போனவர். என் அப்பா உழுகிற ஒரு மா நிலமும் அந்தப் போராட்டத்தில் வந்ததுதான். அதனால் தோழரைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை குறைத்துப் பேச முடியாது.

பரீட்சைக்காக நான் ஒரு நீளமான நோட்டில் தினமும் செய்திக் குறிப்பு எழுதுவேன். ஓரத்தில் இந்த இரண்டு பேரும் அன்றைக்குச் சொன்னதையும் கிறுக்கி வைப்பேன். பின்னால் வம்புக்கு இழுக்கலாம் என்று.

அந்த ஆடி மாதம் ஈராக் படைகள் குவைத் எல்லையில் வந்து நிற்பதாகப் பேப்பரில் போட்டிருந்தது. நான் பலகையில் எழுதினேன். உடனே தோழர் குவைத்தை எங்கள் தாலுகாவுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"குவைத்துன்னா வேற ஒண்ணும் இல்ல தோழர். நம்ம ஊரு பெரிய மிராசுதான். பக்கத்து வயலுக்கு அடியில போர் போட்டு மோட்டாரை வெச்சு உறிஞ்சுறான். அது தண்ணி, இது எண்ணெ. உழைக்கறவன் கேக்கத்தானே செய்வான்?"

"ஈராக்குக்காரன் எப்ப உங்க சங்கத்துல சேந்தான்? சந்தா கட்டிட்டானா?" என்றார் படிப்பகச் செயலாளர். பெஞ்சே சிரித்தது. "காவிரிக்கே நடுவர் மன்றம் வாங்கிட்டோம். எத்தனை வருசச் சண்டை அது! எண்ணெய்க்கு ஒரு மன்றம் வராதா? உலக நாடுகள் உறங்குமா? ஒதுங்குமா? ஒப்புக்கொள்ளுமா?"

அந்த வாரமே இரண்டு நாடும் பேச்சுவார்த்தைக்கு உட்காரப்போவதாகச் செய்தி வந்தது. அதோடு எங்கள் ஊரைப் பொறுத்தவரை சண்டை முடிந்துவிட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நிலத் தகராறு என்றால் கொடி நடுவார்கள், அடியாள் வருவான், போலீஸ் வரும். ஆனால் தாசில்தார் ஆபீசில் முத்தரப்புப் பேச்சுவார்த்தை என்று தேதி வைத்துவிட்டால், அது முடிகிற வரைக்கும் அந்த வயலில் இரண்டு தரப்பும் கால் வைக்காது. மிராசுதாரின் ஆளும் இறங்க மாட்டான், சங்கத்து ஆளும் இறங்க மாட்டான். நாற்று முற்றிக் கெட்டாலும் சரி. எழுதாத சட்டம் அது, எனக்குத் தெரிந்து யாரும் மீறியதில்லை. பேச உட்கார்ந்தவன் அடிக்க மாட்டான் என்பது எங்களுக்கு மழை மேலிருந்து பெய்யும் என்பது போல. ஈராக் தாசில்தார் ஆபீஸ் பார்த்திருக்குமா என்று யாருக்கும் தோன்றவில்லை. வரலாறு படித்த எனக்கும்தான்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். லீவில் வந்திருந்தார். திரும்பிப் போக வேண்டிய நாள் நெருங்கியது. அண்ணிக்கு மனசில்லை. அண்ணன் நான்கு நாள் டீக்கடையில் வந்து உட்கார்ந்து இரண்டு செயலாளர்களையும் கேட்டார். அபூர்வமாக இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பேச்சுவார்த்தை வந்துவிட்டது, ஒன்றும் ஆகாது. அண்ணன் கிளம்பினார்.

அவர் போய் இறங்கிய இரண்டாம் நாள் நான் பலகையில் எழுதினேன்: குவைத்தைப் பிடித்தது ஈராக். கொட்டை எழுத்தில் எழுதினேன். எழுதும்போது ஒரு உற்சாகம்கூட இருந்தது, பெரிய செய்தி அல்லவா. எழுதிவிட்டுத் திரும்பினால் சாலைக்கு அந்தப் பக்கம் அண்ணி குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

அன்றைய டீக்கடையைச் சொல்ல வேண்டும். தோழர் வந்ததும், "ஏகாதிபத்தியம் வலை விரிக்குதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். செயலாளர், "எல்லையில் படை நின்னா என்ன அர்த்தம்? எச்சரித்தேனா இல்லையா?" என்றார். நான் நோட்டைப் பார்த்தேன். இரண்டும் இல்லை. ஆனால் பெஞ்சில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். பலகையைத்தான் நான் துடைத்திருந்தேன். இவர்கள் மண்டையை யார் துடைத்தது? அன்றிலிருந்து யார் எது பேசினாலும் எனக்குச் சந்தேகம். ரேடியோவில் ராணுவம் பற்றிப் பேசுகிறவர், பேப்பரில் நடுப்பக்கம் எழுதுகிறவர், எல்லாரையும் நோட்டில் குறித்தேன். போன வாரம் சொன்னதற்கும் இந்த வாரம் சொல்வதற்கும் நடுவில் அவர்கள் எப்படி மெதுவாக நகர்ந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. படிப்பு போயே போய்விட்டது.

குவைத்திலிருந்து போன் இல்லை, கடிதம் இல்லை. நான்கு வாரம் பார்த்துவிட்டு அண்ணி ஒரு காலையில் படிப்பகத்துக்கு வந்தார். பெண்கள் யாரும் அங்கே வருவதில்லை. வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

"அவரைப் போகச் சொன்னது யாரு?"

செயலாளர் எழுந்துவிட்டார். "அம்மா, அது பொதுவாப் பேசுனதும்மா. தனிப்பட்ட முறையில யாரும் யாருக்கும் சொல்லல."

தோழர் டீக்கடையிலிருந்து வந்தார். "அன்னிக்குச் சூழ்நிலை வேற தாயி. இன்னிக்கு வேற."

எனக்கு இதற்காகத்தானே காத்திருந்தேன் என்று இருந்தது. நோட்டை எடுத்து, தேதி சொல்லி, ஒவ்வொன்றாக வாசித்தேன். மிராசு, மோட்டார், நடுவர் மன்றம், "ஒண்ணும் ஆவாது, தைரியமாப் போப்பா", எல்லாம். செயலாளர் முகம் சுண்டிப்போனது. தோழர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "என்ன தோழர், நம்ம பேச்சுக்கே உளவா?" என்றார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அண்ணி கையை நீட்டினார். "குடுங்க பாப்போம்." எட்டாவது வரை படித்தவர். படியில் உட்கார்ந்து, அண்ணன் கிளம்பிய நாளின் பக்கத்தை எடுத்து, விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க தம்பி?"

அதுவரைக்கும் என்னை நீ என்றுதான் கூப்பிடுவார். வாடா போடா என்றுகூட.

அண்ணன் கிளம்பிய காலையில் அவர் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி பஸ் நிறுத்தத்துக்குத் தள்ளிக்கொண்டு போனவன் நான். அண்ணியும் கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரியும்போது அண்ணன் கேட்டார். "தம்பி, அவங்க ரெண்டு பேரும் கட்சிக்காரங்க. அவங்கவங்க கொடிக்கு ஏத்த மாதிரிதான் பேசுவாங்க. நீ படிச்சவன். நீ சொல்லு, போகலாமா?"

"பேச உக்காந்துட்டாங்கண்ணே. இனிமே எவனும் வயல்ல இறங்க மாட்டான். ஏறுங்க."

அப்படித்தான் சொன்னேன். பாலைவனத்தை வயல் என்றேன். சொன்னபோது அது நல்ல வாக்கியமாகப் பட்டது. அண்ணன் சிரித்துக்கொண்டே ஏறினார். சாயங்காலம் நோட்டில் இரண்டு செயலாளர்களின் பேச்சையும் மறக்காமல் எழுதினேன். என்னுடையதை எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்தேனா? இல்லை. நான் பேசியது கணக்கில் வரும் பேச்சு என்றே தோன்றவில்லை. நான் குறிக்கிறவன், அவ்வளவுதான். இப்போது அந்தப் பதிலையும் நான் முழுசாக நம்பவில்லை.

படியிலிருந்து எழுந்த அண்ணி நோட்டைத் திருப்பித் தரவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். செயலாளர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோழர் மட்டும், "ஒரு டீ சொல்லட்டுமா?" என்றார். அதில் கேலி இருந்ததா என்று இன்னும் தெரியவில்லை.

புரட்டாசியில் குறுவை அறுப்பு நடக்கும்போது அண்ணன் வந்துசேர்ந்தார். பாலைவனம் தாண்டி ஜோர்டான், அங்கே கூடாரத்தில் பதினாறு நாள், பிறகு விமானத்தில் பம்பாய், ரயில். கையில் பாஸ்போர்ட்டும் ஒரு கம்பளியும். பாதி ஆளாக இருந்தார். என்னைப் பார்த்து, "வயல்ல இறங்கிட்டாங்கடா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

மார்கழியில் நாகூர் ஏஜென்ட் ஒருவர் வந்தார். சவுதியில் தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்ட ஆள் வேண்டுமாம், உடனே விசா. அமெரிக்கப் படை அங்கே வந்து குவிந்துகொண்டிருந்தது. போர் வருமா வராதா என்று டீக்கடை பழையபடி கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு சாயங்காலம் வந்து என் நோட்டைப் பெஞ்சின் மேல் வைத்தார். புதுப் பக்கம். மேலே அண்ணியின் உருண்டை எழுத்தில்: தம்மாம் போகலாமா, வேண்டாமா? சொல்கிறவர் கையெழுத்துப் போடவும்.

செயலாளர் வாயைத் திறந்தார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேச வேணாங்க. எழுதுங்க."

"இதென்னப்பா, பத்திர ஆபீசா?"

"சாட்சிக் கையெழுத்து வேண்டாங்க. உங்க கையெழுத்து ஒண்ணு போதும்."

செயலாளர் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாவட்டக் கூட்டம் இருக்கிறது என்று எழுந்தார். சங்கம் கூடித்தான் முடிவெடுக்க முடியும் என்றார் தோழர். நோட்டு என்னிடம் வந்தது. 'தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யோக்கியமான காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

மறுநாள் தெருக்குழாயில் அண்ணி என்னை மறித்தார். இடுப்பில் குடம், கையில் நோட்டு.

"தெரியாதுன்னு எழுத எதுக்குடா பி.ஏ.? அன்னிக்குத் தெரிஞ்ச மாதிரிதானே ஏத்திவிட்ட? தினம் பேப்பர் படிக்கறல்ல? படிச்சதை வெச்சுச் சொல்லு. தப்பாப் போனா எங்கிட்ட வந்து நில்லு. அவ்வளவுதானே?"

குழாயடியில் ஐந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'தெரியாது' என்பதை அடித்துவிட்டு, 'போக வேண்டாம்' என்று எழுதி மறுபடி கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு எழுத்தையும் யோசித்துத்தான் போட்டேன். தவறினால் நல்ல வேலை ஒன்று என்னால் போகும். பலகையில் எத்தனையோ நாட்டின் தலைவிதியை எழுதியபோது ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அண்ணன் போகவில்லை. பொங்கல் முடிந்த கையோடு குண்டு விழ ஆரம்பித்தது. தம்மாம் பக்கமும் ஏவுகணை வந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அந்த மாதக் கடைசியிலேயே எங்கள் மாநில ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். பலகை முழுக்க அதுவே. வளைகுடா ஒரு மூலைக்குப் போய், பிறகு மூலையும் போய்விட்டது. செயலாளர் ஆட்சியே போன ஆத்திரத்திலும் ஒருநாள், "அந்தப் பையன் தம்மாம் போகாம தடுத்ததே நாமதானே" என்றார். தோழர் மறுக்கவில்லை. அந்த 'நாம'வில் தன்னையும் சேர்த்துக்கொண்டார் போலிருக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணி வீட்டுக்கு ஓடினேன். நோட்டைக் கொடுங்கள், டீக்கடையில் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு இப்போதே திருப்பித் தருகிறேன் என்றேன்.

அண்ணி நெல் புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தார்.

"காட்டு. ஆனா ரெண்டு பக்கத்தையும் காட்டு."

ஆடி மாதப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு செயலாளர்களின் பேச்சுக்குக் கீழே, நான் விட்டுவைத்திருந்த இடத்தில், அதே உருண்டை எழுத்தில் பஸ் நிறுத்தத்தில் நான் சொன்னது இருந்தது. ஒரு வார்த்தை பிசகவில்லை. 'ஏறுங்க' என்பது வரைக்கும். அதன் பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டு, காலியாக விட்டிருந்தார்.

பேனா கேட்டேன். ஆணியில் தொங்கிய அண்ணன் சட்டையிலிருந்து அண்ணி எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டை அவரிடமே கொடுத்தேன். டீக்கடைப் பக்கம் அன்றைக்குப் போகவில்லை.