தொட்டிக்குள் போன காய் வெட்டும் பலகை

மாடி வீட்டு லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பொய் பேசத் தெரியாது என்று அந்தத் தெருவில் ஒரு பெயர் உண்டு. அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டுதான் மனிதர் நாலு வருஷமாக ஒரே ஒரு பொய்யைக் கட்டிக் காப்பாற்றி வந்தார். பொய்யின் கொள்ளளவு நானூறு லிட்டர்.

கடல் தண்ணீர்த் தொட்டி அது. உள்ளே உயிருள்ள பவளம், அதைச் சுற்றி நாலைந்து மீன். வீடு வாடகைக்கு எடுத்தபோதே கீழ்வீட்டு ஓனர் கறாராகச் சொல்லியிருந்தார்: "மாடியில தண்ணி தேக்கி வைக்கிற சமாச்சாரம் எதுவும் ஆகாது. முன்னாடி இருந்தவங்க வாஷிங் மெஷினால என் கூரையே ஊறிப்போச்சு." பெருமாள் மாடு மாதிரி மெக்கானிக் தலையை ஆட்டினார். அடுத்த வாரமே தொட்டி, போர்வை சுற்றி, சாப்பாட்டு மேஜைக் கண்ணாடி என்ற பெயரில் மாடியேறிவிட்டது. பம்பு ஓடும் சத்தத்துக்கு ஃபிரிட்ஜ் பொறுப்பேற்றுக்கொண்டது.

ஓனர் மாடிக்கு வரக் காரணமே இருக்கக் கூடாது என்று ஒன்றாம் தேதி விடிந்ததும் வாடகையோடு கீழே போய் நிற்பார். "நீங்க ஓடுற ஓட்டத்தைப் பார்த்தா, வாங்குறவருக்கே சந்தேகம் வந்துடும்" என்று மனைவி கேலி செய்வாள். அவள் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்ப்பவள். தொட்டியை அவள் வெறுக்கவில்லை, அதைச் சுற்றியிருந்த பொய்யைத்தான் வெறுத்தாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம். இவருக்கோ வீட்டு நடுவிலேயே கனம். படியில் யாருடைய செருப்புச் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்த் தொட்டிமேல் போர்வையை இழுத்து விடுவார்.

போன மாதத்திலிருந்து பயம் இரட்டிப்பானது. ஓனரின் மகள் பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவளுக்கு ஒழித்துக் கொடுத்த அறை, தொட்டிக்கு நேர் கீழே.

தொட்டியின் அடியில் முதலில் மணல்தான் இருந்தது. அழுக்கு சேருகிறதென்று அதை அள்ளிவிட்டு வெறும் கண்ணாடியாக விட்டிருந்தார். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஓனரின் மகள் வருவதற்குப் பல மாதம் முன்பே ஒரு நாள், கைப்பிடி அளவுக் கல் ஒன்று நழுவி விழுந்து, அடிக்கண்ணாடியில் உளுந்து அளவுக்கு ஒரு சில்லைப் பெயர்த்தது. அன்றைக்குத் தொடங்கியது, கண்ணாடியை மூட மலிவாக ஒரு விரிப்பு தேடும் படலம்.

மலிவாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தொட்டிச் சாமான் கடைக்காரர் ஒரு வெள்ளைத் தகட்டைக் காட்டி விலை சொன்னதும், மெக்கானிக் அதை ஏதோ சுடுசட்டி மாதிரி கீழே வைத்துவிட்டார். தரை ஓடு போடலாம் என்றால் கண்ணாடிமேல் இன்னும் பாரம், அதன் அடியில் அழுக்கு. கார் மிதியடியை முகர்ந்து பார்த்தார். மனுஷனுக்கே குமட்டுகிற வாடையில் பவளம் எங்கே பிழைக்கும்? கடைசியில் பதில் சொந்தச் சமையலறையிலேயே கிடைத்தது. மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை.

"அதை எங்கே தூக்கிட்டுப் போறீங்க? இன்னும் தக்காளி இருக்கு!"

"அளவு மட்டும் பார்த்துட்டுத் தர்றேன்."

ஓட்டல் பாத்திரக் கடையில் பெரிய அளவில் கிடைத்தது. கிருமி வளராது என்று அட்டையில் போட்டிருந்ததை மட்டும் தொடவில்லை. கிருமியைக் கொல்லும் மருந்து பவளத்தைக் கொஞ்சவா செய்யும்? மருந்து கலக்காத சாதாப் பலகையை வாங்கி, அறுத்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டார். பலகை மிதந்தது. மேலே ஒரு செங்கல்லை வைத்தார், அடங்கியது.

"இது மிதக்குதேங்க. தொட்டியில என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி.

"ஓரத்துல பசை வைப்பேன். போதாததுக்கு மேல அவ்வளவு கல்லு உட்காரப்போகுது. எங்கே போயிடும்?"

கீழே விழக்கூடியவற்றைப் பற்றியே ஆயுசு முழுக்கக் கவலைப்பட்டு, அதற்கே சம்பளம் வாங்கிய மனிதர். கயிறு, கொக்கி, பிரேக் எல்லாவற்றையும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் வீடு திரும்ப மாட்டார். மேலே எழும்பக்கூடிய ஒன்றுக்கும் பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும். அந்த வகைப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிலைக்காது என்பதும் அவருக்குத் தெரியாது.

பலகை சில மாதம் சாதுவாகக் கிடந்தது. பிறகு ஒரு விடுமுறை நாள் மத்தியானம், மனைவி வெறுமனே கதவைச் சாத்திவிட்டுக் கடைக்குப் போயிருந்த நேரம், பெரிய கல்லுக்கு அடியில் ஒரு மீன் செத்துக் கிடப்பதைப் பார்த்தார். அப்படியே விட்டால் அழுகித் தண்ணீர் கெட்டுவிடும். முக்காலிமேல் ஏறி, தோள் வரை கையை விட்டு, உரல் மாதிரி இருந்த அந்த அடிக்கல்லை லேசாகச் சாய்த்தார். அதன் தலையில் ஒரு தட்டைக்கல், அதன்மேல் அகலமாகப் படர்ந்த பவளம்.

கல்லின் பாரம் ஒரு பக்கம் ஒதுங்கியதுதான் தாமதம், பசை விட்டுக்கொண்டது. பலகையின் முன்பக்கம் கதவு திறப்பதுபோல மெல்ல எழும்பி, பின்னால் நகர்ந்தது. முட்டுக்கொடுத்திருந்த சின்னக் கற்கள் உருண்டு 'டொக், டொக்' என்று வெறும் கண்ணாடியில் விழுந்தன. தட்டைக்கல் சரிந்தது. வலது கையால் அதைத் தாங்கிப் பிடித்தார். இடது கையில் அடிக்கல். அதன் கூர்முனைக்கு நேர் கீழே, மூடியிருந்த பலகை விலகி, அந்த உளுந்து அளவுச் சில்லு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

எதை விட்டாலும் அது கண்ணாடிமேல்தான் விழும். மேலே தூக்கலாம் என்றால், தொட்டியின் குறுக்குச் சட்டத்தில் பவளம் முட்டியது. பலகையை மறுபடி கீழே அழுத்திவிட்டால் போதும், இரண்டையும் பதமாக இறக்கிவிடலாம். அழுத்தவும் பெரிய பலம் வேண்டாம், ஒரு குழந்தையின் கை போதும். அந்த ஒரு கைதான் அவரிடம் இல்லை. பலகை முழங்கையைத் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மனைவியுடையது இல்லை.

"மெக்கானிக்! என்ன விழுந்தது? ரூமே அதிருது!" ஓனரின் குரல்.

மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பேசாமல் இருந்தால் ஆள் இல்லை என்று திரும்பிவிடுவார். மனைவி வரும்வரை தாங்கினால் போதும். தாங்க முடியுமா? இடது தோள் ஏற்கெனவே நடுங்கத் தொடங்கியிருந்தது. விரல் மரத்துப்போனது.

"வீட்டுல இல்ல போலிருக்கு" என்று ஓனர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். செருப்பு ஒரு படி இறங்கியது. இன்னொரு படி.

கல் ஒரு விரல்கடை நழுவியது. அந்த நொடியில் அவர் கண்ணுக்குள் வந்தது கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கும் நானூறு லிட்டர் தண்ணீரும், அதற்குக் கீழே தூங்கும் கைக்குழந்தையும்தான். வீடு போனால் போகட்டும், மானம் போனால் போகட்டும் என்று வந்துவிட்டது.

"சார்! உள்ளே இருக்கேன்! கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளிட்டு வாங்க!"

உள்ளே வந்த ஓனர் தொட்டியைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். மறுபடி தொட்டியைப் பார்த்தார்.

"திட்டுறதை அப்புறம் திட்டுங்க சார். கையை உள்ளே விடுங்க. அந்த வெள்ளைப் பலகையை மெதுவா கீழே அழுத்துங்க. மெதுவா."

"ஷாக் அடிக்குமா?"

"அடிச்சா எனக்குத்தான் முதல்ல அடிச்சிருக்கணும். அழுத்துங்க, சார்."

சட்டைக் கையைச் சுருட்டக்கூட நேரமில்லாமல் ஓனர் அப்படியே கையை உள்ளே விட்டார். பலகை சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கியது. மெக்கானிக் கூர்முனையைத் திருப்பி அடிக்கல்லை அதன்மேல் இறக்கினார். பிறகு தட்டைக்கல்லையும் பக்கத்தில் இறக்கினார். சத்தமே வரவில்லை. முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஓனர் சொட்டச் சொட்ட நின்றார். "எவ்வளவு தண்ணி?"

"நானூறு லிட்டர்."

"கீழே என் பேத்தி தூங்குறா."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா வச்சிருந்தீங்க?"

மெக்கானிக்கை வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஓனர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வாசல் வரை போய்த் திரும்பி நின்றார். "நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன். கூப்பிட்டீங்க, அதுக்காகச் சொல்றேன். ஆற அமர வேற வீடு பார்த்துக்கங்க, இன்னைக்கே காலி பண்ணுன்னு சொல்லல. அதுவரைக்கும் அந்தப் பலகையை நல்லா ஒட்டி வைங்க."

சரி சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாலு வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தைதான், நாக்கு நுனி வரை வந்தது.

"அது ஒட்டாது சார்" என்றார் மெக்கானிக். "பசை நிக்கல, இனிமேலும் நிக்காது. கண்ணாடியிலயும் ஏற்கெனவே ஒரு சில்லு போயிருக்கு. இப்பவே தண்ணியை இறக்கிடறேன். அதுவரைக்கும் பாப்பாவை வேற ரூம்ல படுக்க வைங்க."

ஓனர் அவரை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு வேகமாகப் படியிறங்கினார்.

மெக்கானிக் வாளிகளை வரிசையாக வைத்தார். மீனையும் பவளத்தையும் தாங்கக்கூடிய அளவுக்கு அவரிடம் வாளி இல்லை, அது அவருக்கே தெரியும். குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சினார். வாயெல்லாம் உப்பு. தண்ணீர் வாளியில் விழத் தொடங்கியபோது, கீழே கட்டிலை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் தரை வழியாகக் கேட்டது. அது சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குப் போய் நிற்கும்வரை அவர் குழாயைப் பிடித்த கையை அசைக்கவில்லை.